செவலை மோந்த இடம்

— எனக்கு நெனப்பு சரியா நிக்கலடா அப்பு. வைகாசியா, ஆனியான்னு கேட்டா முழிப்பேன். ஆனா கங்காணி வீரையா இந்த ஏலக்காக் கடை வாசல்ல நின்னு சொன்ன சொல்லு மட்டும் காதுலயே கெடக்கு.

— அது கெடக்கட்டும்க்கா. காய் பொறுக்குறத அப்படியே வச்சுட்டு எந்திரி. மேல எஸ்டேட்டுல ஒன்னையக் கூட்டியாரச் சொன்னாக. குரங்கணி வரைக்கும் ஜீப்பு இருக்கு, அங்கேருந்து எங் குதிரை இருக்கு. வெரசாப் போயிரலாம்.

— ஒங்க மச்சானைப் பொதைச்சுட்டு எறங்குனப்பவே சொன்னேன், அந்த மலைய இனி மிதிக்க மாட்டேன்னு. அக்கா சொல்லு அம்புட்டு லேசாப் போச்சாக்கும், அழகுமலை? நீ மொதல்ல இதச் சொல்லு. கங்காணி எப்படி இருக்கான்?

— அவருக்கென்ன, உரலாட்டம் இருக்காரு.

— இருப்பான். இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருப்பான்.

— என்னக்கா, சிரிக்கிற? மச்சான் போனதுலேருந்து நீ சிரிச்சு நான் பாக்கல.

— கேளுடா அப்பு. நம்ம நாயி செவலை ஒங்க மச்சானை எப்படி மோந்துச்சு, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. விலாவுல ஒரே எடத்துல மூக்கை வச்சுக்கிட்டுக் கெடக்கும். வெரட்டுனாலும் திரும்ப வந்து அதே எடம்.

— அப்ப அவரு ஆளு நல்லாத்தான் இருந்தாரு. ஒடம்பு வாடை மாறிப்போச்சுன்னு மொதல்ல அதுக்குத்தான் தெரிஞ்சுச்சு. பெறகுதான் கட்டி வெளிய தெரிஞ்சுச்சு. நாயி மோந்த எடத்துலயே கட்டி, மதுரை ஆசுபத்திரிக்குப் போகணும், லீவு குடுங்கன்னு போயி நின்னா, அத்தனை சனத்துக்கு முன்னால கங்காணி என்ன கேட்டான்?

— விடுக்கா.

— 'காய் எடுப்பு நேரத்துல லீவா? நாயி எப்படா டாக்டருக்குப் படிச்சுச்சு?'ன்னான். எல்லாரும் சிரிச்சாக. நீயுந்தான் சிரிச்ச.

— பயத்துல சிரிச்சேங்க்கா.

— சரி, போ. காய் எடுப்பு முடிஞ்சு கொண்டு போனா, முத்திப்போச்சு, முன்னாலயே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம்னு டாக்டரு கைய விரிச்சுட்டாரு. ஒங்க மச்சான் போனப்பெறகு செவலை எங்கூட எறங்க மாட்டேன்னு மேலயே நின்னுக்கிருச்சு. ஏன்னு அப்ப வெளங்கல. கங்காணி வந்து சொன்னப்பத்தான் வெளங்குச்சு.

— என்ன சொன்னாரு?

— லோடு எறக்க வந்தவன் எங்கிட்ட வந்து, 'அன்னக்கொடி, ஒன் நாயி தொல்லை தாங்கல. எங்க வீட்டுல, இடது கக்கத்துல மூக்கை வச்சு மோந்துக்கிட்டே கெடக்கு. அடிச்சாலும் போக மாட்டேங்குது. எதுக்கு இப்பிடிச் செய்யுது?'ன்னான். மூஞ்சியில பயம். அவன் பயந்து அன்னைக்குத்தான் பாத்தேன்.

— நீ என்ன சொன்ன?

— ஏலக்கா வாடை மேலுல ஏறியிருக்கும், அதுக்கு வருதுன்னேன். வேற ஒண்ணுமில்ல, கஞ்சி ஊத்தி வச்சுக்கங்கன்னேன். நிம்மதியாப் போனான்.

— தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். அன்னைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பான். அதத்தான் முழுங்குனேன். ஒங்க மச்சான் போனதுலேருந்து சோறு எறங்காத தொண்டையில, அது சொகமா எறங்குச்சு.

— அக்கா...

— இரு, முடிச்சுக்கிறேன். எனக்கு மனசு இடிச்சது ஒருத்தவகளுக்காகத்தான். அவன் சம்சாரம் சந்திரவல்லியம்மா. அவகளுக்குத் தாலி போயிருமேன்னு நெனைச்சேன். புருசனுக்குத் தெரியாம நம்ம லயத்து வீட்டுக்கு வந்து கஞ்சி ஊத்துன கை அது. மழையில ஒங்க மச்சான் நடுங்குறாருன்னு தான் போத்தியிருந்த கம்பளிய எடுத்துப் போத்திட்டு, நனைஞ்சுக்கிட்டே போனாக. இன்னைக்கும் அதத்தான் போத்திப் படுக்குறேன்.

— கங்காணி சொன்னத இன்னொருக்காச் சொல்லுக்கா. அந்த வார்த்தைய அப்பிடியே சொல்லு.

— 'எங்க வீட்டுல, இடது கக்கத்துல மூக்கை வச்சு...'

— அவரு எங்கிட்ட எப்பிடிப் பேசுவாரு தெரியுமா? 'அழகுமலை, வீட்டுல வெத்தலை கேட்டாக, வாங்கியா. வீட்டுல கோயிலுக்குப் போறாக, குதிரையக் கொண்டா.' நானும் எத்தனை வருசமா அவருகிட்டச் சோலி பாக்குறேன். பொண்டாட்டி பேரை அவரு வாயால ஒருநாளும் கேட்டதில்ல.

— என்னடா சொல்ற?

— கங்காணிக்கு ஒண்ணுமில்லக்கா. அவகளத்தான் மதுரைக்குக் கொண்டு போயித் திருப்பிக் கொண்டாந்திருக்காக. மாருலேருந்து கக்கம் வரைக்கும் ஏறிப்போச்சாம், இனி அறுக்க முடியாதாம். செவலை கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு. கங்காணி வாசப்படியில உக்காந்துட்டாரு.

— அப்ப என்னையக் கூட்டியாரச் சொன்னது?

— அவகதான். 'கஞ்சி ஊத்துன நன்றிக்கு அன்னக்கொடி நாயை எனக்குத் தொணையா விட்டுட்டுப் போயிருக்கா, அவ கையை ஒருக்காப் புடிச்சுக்கணும்'னு வர்றவக போறவககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காக.