முக்காலிக்குப் பிறகு உடைந்தவை

முக்காலி உடைந்தது தற்செயல்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு உடைந்தது எதுவும் தற்செயல் இல்லை.

நடந்ததை வரிசையாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, குடும்பத்தார் முன்னால் நானே படித்துக் காட்ட வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் என்னை வீட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாளாம். அதுவரை அலுவலகத்து ஒலிப்பதிவு அறையில் தங்கியிருக்கிறேன். வேடிக்கையாக எழுதக் கூடாது என்பது நிபந்தனை. முயல்கிறேன்.

வீடியோ கேம் செய்யும் நிறுவனத்தில் சத்தங்கள் பதிவு செய்வது என் வேலை. எங்கள் விளையாட்டில் ஒரு கீரிப்பிள்ளை மேடைக்கு மேடை தாவும். வழியெங்கும் மரப்பெட்டிகள். மேலே குதித்து உடைத்தால் உள்ளேயிருந்து பழம் வரும், சில சமயம் கீரிக்குக் கூடுதலாக ஓர் உயிர் வரும். இதுவரை ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. கீரியின் தொப்பி மாறியிருக்கிறது, எதிரிகள் மாறியிருக்கிறார்கள். பெட்டி மட்டும் மாறவில்லை. ஒரு பாகத்தை முடிப்பதற்குள் ஒருவர் நானூறு பெட்டியாவது உடைப்பார். ஆகவே அது உடையும் சத்தம் சாதாரண விஷயம் இல்லை. இதை வீட்டில் பல முறை விளக்கியிருக்கிறேன்.

முதல் பாகத்துக்காகப் பழப்பெட்டிகள் வாங்கி வந்து வீட்டில் வைத்து உடைத்துப் பார்த்தேன். தீப்பெட்டியை மிதித்தது போல இருந்தது. மைக்கை இன்னும் உயரத்தில் கட்டலாம் என்று, மாமனார் எங்கள் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த முக்காலியின் மேல் ஏறினேன். எட்டவில்லை. ஒற்றைக் காலில் நின்று எட்டினேன். மாமனார் தச்சர். என் எடையைத் தாங்கும்படித்தான் செய்திருந்தார். நான் அதன் மேல் நடனம் ஆடுவேன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு முறிவு. கடைசியில் ஏதோ ஒன்று தனியாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. கீழே கிடந்தபடி பார்த்தேன். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அணித் தலைவர் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "அண்ணே, இதான் பெட்டி" என்றார். பத்து வருடத்தில் அவர் என் வேலையைப் பற்றி யோசித்துச் சொன்ன ஒரே வார்த்தை அது.

இரண்டாம் பாகம் தொடங்கியபோது, "பெட்டிக்குப் புதுசா சத்தம் பண்ணட்டுமா?" என்று கேட்டேன். "பண்ணுங்கண்ணே, பாத்துக்கலாம்" என்றார். கடையில் பலகை வாங்கி உடைத்தேன். உயிரே இல்லை. யோசித்தபோது புரிந்தது: மனிதர்களோடு வாழ்ந்து பழகிய மரமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மரம் எங்கள் வீட்டில் நிறைய இருந்தது.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் புத்தக அலமாரியைச் சுத்தியலால் முடித்தேன். புத்தகங்களை முன்கூட்டியே பத்திரமாக இறக்கி வைத்தேன் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். சாயங்காலம் அவள் வந்து கேட்டபோது, "கரையான்" என்றேன்.

மறுநாளே மாமனார் வந்துவிட்டார். அலமாரி இருந்த சுவரைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"நான் இழைச்ச மரத்துலயா மாப்ளே?"

"காலம் மாறிப்போச்சு மாமா. கரையானும் மாறிடுச்சு."

வீடு முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் பாகத்துக்குச் சாப்பாட்டு மேசை. அதன் பிறகு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதுகுக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன். நான்காவதுக்கு மனைவியின் அலங்கார மேசை. கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான், ஏனென்றால் பெட்டிக்குள் கண்ணாடி இருக்காது. ஐந்தாவதுக்குத் தொட்டில்.

அப்போது அதில் குழந்தை இல்லை. இதைத் தனி வரியாக எழுதச் சொல்லியிருக்கிறாள் மனைவி. எங்கள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. என்னைப் பற்றி அப்படியும் ஒரு சந்தேகம் வந்ததே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒவ்வொரு தடவையும் கரையான். ஒவ்வொரு தடவையும் மாமனார் மருந்தோடு வந்தார், போன தடவையைவிடக் குறைவாகப் பேசினார். தொட்டிலுக்குப் பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டார். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கதவு செய்யக் கேட்டதற்கு, "என் கை போயிடுச்சுங்க, நான் தொட்ட மரமெல்லாம் உளுத்துப்போகுது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மனைவி இதைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். நடிப்பில்லை. அழுதுகொண்டே, வீட்டில் மீதி என்ன இருக்கிறது என்று யோசித்தேன்.

ஆறாம் பாகத்துக்குக் கட்டில் இருந்தது.

அதற்குள் எனக்கு ஒரு குறை தெரிந்திருந்தது. முக்காலிக்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் சுத்தியல் கேட்டது. முக்காலியில் விழுந்தது மனிதன். பட்டறையைப் பூட்டிய பிறகு எங்களோடு தங்க வந்த மாமனார் மதியம் சற்றுக் கண்ணயர்வார். அவர் எடை சரியாக இருந்தது. கட்டிலின் ஒரு காலை முக்கால்வாசி அறுத்துவிட்டு, அடியில் மைக்கைக் கட்டினேன். மெத்தை இரண்டு போட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவர் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவி கட்டிலுக்கடியில் மைக்கைப் பார்த்தாள். பதிவைப் போட்டுக் கேட்டாள். முறிவுக்குச் சற்று முன், "மாமா, இன்னும் கொஞ்சம் நடுவுல படுங்க" என்று என் குரல் கணீரென்று இருக்கிறது. பதிவின் தரம் அப்படி.

நேற்று மாமனாரைப் பார்க்க அனுமதி கிடைத்தது, மனைவி கதவருகிலேயே நின்றுகொள்வாள் என்ற ஏற்பாட்டில். கையில் மாவுக்கட்டோடு தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப கரையான்?"

"இல்ல மாமா."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

"அலமாரி?"

"சுத்தியல்."

"மேசை?"

"அதுவும் சுத்தியல்தான்."

"தொட்டிலு?"

"அது லேசுல ஒடையல மாமா. ரொம்பப் படுத்திடுச்சு."

அவர் முகத்தில் ஏதோ ஏறியது. கோபம் என்று நினைத்துச் சற்றுப் பின்னால் நகர்ந்தேன்.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"முக்கால் மணி நேரம்."

"முக்கால் மணி நேரம்," என்று கதவருகில் நின்ற தன் மகளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். "பட்டறைச் சாவிய எங்கம்மா வெச்சிருக்க?"

"முதல்ல கை சேரட்டும்ப்பா," என்றாள் அவள், என்னைப் பார்த்தபடி.

அந்த நல்ல நேரத்தை விடக் கூடாது என்று ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன். "உங்க மரம் எதுவும் வீணாகல மாமா. ஊரெல்லாம் கேக்குது." வெளிவந்த ஐந்து பாகங்களிலிருந்தும் பெட்டி உடையும் சத்தத்தை ஒவ்வொன்றாகப் போட்டேன். என் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது அலமாரி, எது தொட்டில் என்று நான் சொல்லிவிடுவேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அஞ்சும் முக்காலிதான் மாப்ளே."

"இல்ல மாமா, இது தேக்கு, இது..."

"அதோட ஒரு கால் நுனியில ஆசையா ஒரு குமிழ் வெச்சேன். அது கழண்டு உருளுது பாருங்க. அஞ்சுலயும் உருளுது."

வயதானால் காது அப்படித்தான். வாக்குவாதம் வேண்டாம் என்று அணித் தலைவரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். இத்தனை வருடமும் நான் அனுப்பியதற்கெல்லாம் "சூப்பர்ணே" என்று மட்டும் சொன்னவர். இந்தத் தடவை, எந்தப் பாகத்தில் எந்தச் சத்தத்தைப் போட்டார்கள் என்று நேராகக் கேட்டேன். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ரெண்டாவது பாகத்துல நீங்க அனுப்புனத போட்டுப் பாத்தோம். வெளையாடிப் பாத்தவங்க, பெட்டி ஒடைஞ்ச மாதிரியே இல்லைன்னுட்டாங்க. அதுலேர்ந்து பழசுதான். நீங்க ஆசையா அனுப்புறீங்களேன்னு யாரும் சொல்லல."

மனைவி கதவில் சாய்ந்திருந்தாள்.

"கட்டில் ஒண்ணு இருக்கு," என்றேன் போனில். "அதுல சுத்தியலே கெடையாது. ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"வேணாம்ணே," என்றார் அவர். "பெட்டி ஒடையற சத்தம் எங்ககிட்ட இருக்கு. முதல் நாள்லேர்ந்தே இருக்கு."