நட்சத்திரம் போட்ட கட்டம்

ஹலோ... ஆமா, பதிவேடு இணைப்புப் பிரிவுதான். யாரு?... அண்ணியா! என்ன அண்ணி, ஆபீஸ் லைன்ல?... ஆமா ஆமா, செல்போனை வாசல்லயே பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. அண்ணனுக்கு ஒண்ணும்...? அப்பாடா. உசுரே போச்சு.

சரி, சட்டுனு சொல்லுங்க. இந்த லைன்ல பேசறதெல்லாம் பதிவாகும்.

எந்த அறிக்கை?... ஓ, அதுவா. அண்ணனோட குடிநீர் ஆபீஸ் பலகையிலயே ஒட்டிட்டாங்களா?

ஆமா, எங்க பிரிவு போட்டதுதான். படிப்புப் பதிவையும் வேலைப் பதிவையும் சேத்து, எந்த வேலையில எத்தனை பேர் படிப்பை முடிக்காம இருக்காங்கன்னு... ஆமா, ஆமா. ஆனா அதுல பேரே இருக்காது அண்ணி. பேரெல்லாம் மேல் மாடியோட நின்னுடும். என் மேசைக்கு வர்றது பேருக்குப் பதிலா வெறும் நம்பர்.

பத்துப் பேருக்குக் கீழ இருந்தா எண்ணிக்கையைக்கூட போடமாட்டோம். ஒரு நட்சத்திரம் வச்சு மூடிடுவோம். தண்ணி சோதிக்கறவங்க பட்டியல்ல நம்ம ஊருக்கு நேரா பாருங்க... நட்சத்திரம்தானே? அவ்வளவுதான். யாராலயும் ஒண்ணும்...

கூட்டிப் பாத்தீங்களா? எதை?

...

மத்த மூணு ஊரும் சேத்து நாப்பது. ம். கீழ மொத்தம்... எவ்வளவு?

நாப்பத்தொண்ணா?

ஐயோ.

இல்ல, ஒண்ணுமில்ல. மொத்தத்தையும் மூடியிருக்கணும்... மூடலை. நான்தான். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

... ஆமா, நம்ம ஊர்ல தண்ணி சோதிக்கறது அண்ணன் ஒருத்தர்தான். இருக்கட்டுமே. அதுக்காக...

அண்ணி, என்னைக் கேக்காதீங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். பெத்த அம்மா கேட்டாலும் வாயைத் திறக்க முடியாது.

'இல்ல'ன்னு மட்டும் சொல்லணுமா?... அதுவும் முடியாது. ஒருத்தருக்கு 'இல்ல'ன்னு சொல்லிட்டா, நாளைக்கு யாருக்குச் சொல்லாம இருக்கேனோ அவருக்கு 'ஆமா'ன்னு ஆயிடும்ல?... நான் எங்க மென்னு முழுங்கறேன்! முழுப் பூசணிக்காயும் இல்ல, சோறும் இல்ல. சட்டம் அண்ணி, சட்டம்.

அழாதீங்க... தெரியும். பட்டதாரி மாப்பிள்ளைன்னுதான் உங்கப்பா சம்மதிச்சாரு. தெரியும். எங்க வீட்லயும் அவரு முடிச்சாருன்னுதான் எங்களுக்கெல்லாம் தெரியும்.

மெதுவாப் பேசுங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் பாத்துக்கிட்டிருக்காரு... இல்ல சார், வீட்லேர்ந்துதான். ஒரு நிமிஷம்... ஆமா அண்ணி, சொல்லுங்க.

பன்னெண்டு வருஷமா ஏமாத்தினாரா? அவசரப்பட்டு... யாரு, அண்ணனா? காலேஜ் வாசலையே மிதிக்காத ஆளா?

அண்ணி, வாயில வந்ததெல்லாம் பேசாதீங்க. எங்கண்ணனைப் பத்தி எங்கிட்டயே... மிதிக்காம என்ன? மூணு வருஷம் முழுசா உக்காந்து படிச்சவரு. கடைசிப் பரீட்சைக்கு ஒரு நாள் போகலைங்கறதுக்காக ஒரு மனுஷனை இப்படியா...

...

அண்ணி?

... என்ன?... எந்தக் கடைசிப் பரீட்சை...

நீங்க சொல்லலையா அதை? இப்பதானே நீங்க... இல்லையா? அவரு முடிக்கலைன்னு மட்டும்தான் சொன்னீங்களா...

அண்ணி, நான் சொன்னதா வச்சுக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். எனக்கு வேலை போயிடும். ஜெயிலுக்குக்கூட...

யாரு பக்கத்துல? எவ்வளவு நேரமா?... ஸ்பீக்கர்லயா போட்டீங்க? அடிப்பாவி... முழுசாக் கேட்டுட்டாரா?

வேணாம், அவர்கிட்ட குடுக்காதீங்க. அண்ணி, வேணாம்...

... அண்ணா.

ம்... மூணு மாசமாத் தெரியும்ணா. நம்ம ஊரு, தண்ணி சோதிக்கற வேலை, கடைசிப் பரீட்சைக்கு வரலைன்னு இருந்த அந்த வரியைப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. உங்கிட்டகூட சொல்லக்கூடாதுன்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்...

அண்ணா, ஏதாவது பேசு. திட்டு.

... அண்ணா?

ஹலோ?