வேதியியல்காரனின் இரண்டு கன்னங்கள்

வானத்துக்கு அண்டை வீடான எல் ஆல்ட்டோ நகரின் சந்தைச் சங்கத்தைத் தாங்கி நடத்தும் தகைமைசால் தலைவி, டோன்யா என்று நாம் மரியாதையாய் அழைக்கும் சாத்துர்னினா அவர்களே! வெயிலை வென்று, வியர்வையை விதைத்து, வீதியில் வாழ்வை விளைவித்த மூத்தோரே! உருளைக்கிழங்கு மூட்டையோடு என்னையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மாரே! இப்போதே கொட்டாவி விடும் கடைசி வரிசைத் தோழரே! உங்கள் அனைவருக்கும் ரெமிகியோ தர்க்கியின் வணக்கம்.

நான் யார்? வேதியியல் அறிஞன் என்கிறது அழைப்பிதழ். சுண்ணாம்பு மூஞ்சி என்கிறது சந்தை. சந்தை சொல்வதே சரி!

போன ஆண்டு உங்களுக்காக வெயில் களிம்பு செய்தேன். துத்தநாக உப்பைத் தண்ணீரில் கரைத்து, காரம் சேர்த்துக் காய்ச்சினேன். படிகங்கள் பிறந்தன. பிறந்ததோடு நின்றனவா? தின்றன, திரண்டன, தடித்தன, என் தொப்பையைப் போல! பூசிய முகம் சுண்ணாம்பாய் வெளுக்கச் சந்தைக்கு வந்தேன். பாலாடைக்கட்டி விற்கும் டோன்யா பாஸ்கூவாலா என்ன கேட்டார்?

"ஏம்ப்பா, கார்னிவல் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, இன்னும் வேசத்தக் கலைக்கலியா?"

சிரியுங்கள், அவரும் அங்கே சிரிக்கிறார். அதன்பின் ஒருவரும் களிம்பைப் பூசவில்லை.

இந்த ஆண்டு கார்னிவல் திருவிழாவின் செவ்வாய்க்கிழமை. நீங்கள் கடைக்கும் காருக்கும் ஆல்கஹால் தெளித்துப் பூமித்தாய் பாச்சமாமாவுக்குப் படைத்தீர்கள். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் படைத்தோம். தரைக்கு ஒரு துளி, தராசுக்கு ஒரு துளி, தொண்டைக்கு... அந்தக் கணக்கை விடுங்கள் ஐயா! தண்ணீருக்குக் காத்திருந்த உப்புக் குடுவையில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் வில்மா பாய்ந்து வந்தாள்.

"அட கூறுகெட்ட மனுசா! ஒரு வாய் குடுன்னா குளிப்பாட்டியா விடுவ?"

"பூமித்தாய்க்குத் தாகம், வில்மா!"

"தாகம் அவளுக்கா, ஒனக்கா? சரி, ஊத்தியாச்சு. காரத்தப் போட்டுக் காய்ச்சித்தான் பாப்பமே."

விளைந்தது என்ன? சின்னஞ்சிறு படிகங்கள்! தோலில் தடவினால் வெள்ளை தெரியவில்லை. வெயில் மட்டும் தடுக்கப்பட்டது. பாச்சமாமாவின் அருள் என்று பரவசப்பட்ட நான், மறுநாள் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் பழையபடி தண்ணீரில் காய்ச்சினேன். மறுபடியும் சுண்ணாம்பு! வில்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமிய விடுய்யா! எதுல கரைக்கிறன்னு பாரு!"

எவ்வளவு எளிது, தாய்மாரே! தண்ணீரில் பந்திக்கு உட்காரும் படிகங்கள் கொஞ்சம். ஆளுக்கு ஒரு குண்டான் துத்தநாகம் குடித்துப் பெருக்கின்றன. ஆல்கஹாலில் ஆயிரமாயிரம் ஒரே நேரத்தில் உட்காருகின்றன. ஆளுக்கு ஒரு மடக்குத்தான், பெருக்க வழியில்லை.

இதோ, என் இடக்கன்னத்தில் தண்ணீர்க் களிம்பு. வலக்கன்னத்தில் ஆல்கஹால் களிம்பு. என்னம்மா சொல்கிறீர்கள்? வலப்பக்கம் ஒன்றுமே பூசவில்லையா? பூசியிருக்கிறேன் அம்மா, அதுதானே வெற்றி!

சரி, சிரித்தது போதும். நம் தலைவி ஏன் தொப்பியைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறார்? வெயில் அரித்துப் புற்று வைத்த கன்னச் சதையை மருத்துவர் அறுத்தெடுத்தார். இனி அந்த முகத்தில் வெயில் படவே கூடாது என்றார். அதன் பிறகும், என் பழைய களிம்பைக் கையில் வாங்கிய தலைவி, "வேணாம் தம்பி, வெள்ளையா இருக்கு, சிரிப்பாங்க" என்று திருப்பித் தந்தார். சிரிப்புக்குப் பயந்தா மிஞ்சிய கன்னத்தையும் வெயிலுக்குக் கொடுப்பது? இன்னும் எத்தனை கன்னங்களைக் கொடுப்பது?

இந்தக் களிம்பைச் சங்கம் ஏற்பதா வேண்டாமா என்று இன்று வாக்கெடுப்பு. அதற்கு முன், தலைவி அவர்களே, தொப்பியைக் கொஞ்சம் உயர்த்துவீர்களா? நான் பூசிவிடட்டுமா?

"குடு தம்பி, நானே பூசிக்கிறேன்."

கேட்டீர்களா! பாருங்கள், நன்றாகப் பாருங்கள். வெள்ளை தெரிகிறதா? சிரிக்க ஏதாவது இருக்கிறதா? அப்படியும் சிரிப்பு வந்தால், இதோ என் இடக்கன்னம், இதைப் பார்த்துச் சிரியுங்கள்; கையை மட்டும் அவருக்காகத் தூக்குங்கள்! பொறுமைக்கு நன்றி, தூக்கப்போகும் கைகளுக்கு முன்கூட்டியே நன்றி, வணக்கம்!