தெம்மாடிக்குழியில் கிடப்பவர்கள்

காப்பியில் சர்க்கரை கூடிப்போயிருந்தால் சொல்லுங்கள், அச்சனே. எனக்கு நாக்கு ருசி போய் வருஷங்களாகின்றன. விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துத்தான் அளவைத் தெரிந்துகொள்கிறேன்.

ஞாயிறு பூசையில் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மூலையைப் பிரிக்கிற குட்டிச்சுவரை இடிக்கப் போகிறீர்கள். இனி நம் பங்கில் பாவிகளுக்கென்று ஒதுக்கிய தெம்மாடிக்குழி என்று ஒன்று இருக்காது. மணி அடிக்காமல், முன்னால் சிலுவை பிடிக்காமல், பின் மதில் உடைப்பு வழியாகத் தூக்கி வந்து அங்கே புதைக்கப்பட்டவர்களுக்கும் மந்திரித்த தண்ணீர் தெளிப்பீர்கள். அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு கல்லில் பொறிக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றீர்கள். பூசைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கத்தான் செய்வார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆத்துமாக்கள் திருநாளில் அந்த மூலையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது இந்த எலிஸ்வா டீச்சர் ஒருத்திதான்.

அந்த ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட வேண்டாம். இது பாவசங்கீர்த்தனம் அல்ல. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் இதைச் சொல்லலாம்.

சுவரை ஒட்டிக் கிடப்பவள் குஞ்ஞிலா. மருத்துவச்சி. இந்த ஊரில் தலை நரைத்தவர்களில் பாதிப் பேர் அவள் கையில்தான் பிறந்து விழுந்தார்கள். கள்ளிறக்கும் வேலுவோடு தாலி கட்டாமல் குடும்பம் நடத்தினாள். ஒரு ஞானஸ்நானத்தின்போது பழைய அச்சன் பேர் சொல்லி அவளைத் திட்ட, அவள் முன்வரிசையில் இருந்தபடியே, "அச்சோ, மெதுவாத் திட்டுங்க, இப்பத்தான் பிள்ள கண்ணசந்தது" என்றாள். சாகும்வரை பூசையில் அவளுக்கு நன்மை அப்பம் கொடுக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் பொறிஞ்சு. ஓட்டுக் கம்பெனியில் செங்கொடி நட்டவர். சாகக் கிடக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார்கள். "என் பாவம் என்னன்னு கம்பெனி முதலாளிகிட்டக் கேளுங்க, அவருக்கு மனப்பாடம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்போடு போனார். இவர்கள் இருவரையும் கல்லில் தாராளமாக எழுதலாம். வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்றாவது என் தம்பி இனாசு.

அவனும் அதே கம்பெனியில் ஓடு சுமந்தான். குரல் நன்றாக இருக்கும். பெரிய வியாழன் அன்று அவன் பாடினால் கிழவிகள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அழுவார்கள். அந்தக் கோடையில் தேவாலயக் கிணற்றில் திருவிழாச் சமையலுக்கான பித்தளை அண்டா விழுந்துவிட்டது. அப்போது தேவாலயப் பொறுப்புகளைப் பார்க்கும் கைக்காரன் லோனப்பன். தேவாலயத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவர். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த இனாசுவைக் கூப்பிட்டு, இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். வருஷமெல்லாம் மூடிக் கிடந்து திருவிழாவுக்குத் திறந்த பழைய கிணறு. கோடையில் அடியில் கெட்ட காற்று நிற்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆள் இறங்குவதில்லை. லோனப்பன் பார்க்கவில்லை. அவசரம். சாயங்காலத்துக்குள் அண்டா வேண்டும்.

இனாசு செத்த பிறகு, உடம்பை மேலே இழுத்து, கயிற்றை அவிழ்த்து மறைத்துவிட்டு அச்சனிடம் ஓடிப்போய் லோனப்பன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "குதிச்சான் அச்சோ, குடிச்சுட்டு வந்து குதிச்சான், என் கண்ணால பாத்தேன்."

உடம்பைக் கழுவியது என் அம்மா. இடுப்பைச் சுற்றிக் கயிறு அழுந்திய தடம் இருந்தது. அம்மா அச்சனின் அறைவாசலில் நின்று அதைச் சொன்னாள். "கைக்காரன் பொய் சொல்லுவாரா கொச்சுமரியே?" என்று கேட்டு அச்சன் கதவைச் சாத்தினார். தற்கொலை செய்தவன் என்று இனாசு மதில் உடைப்பு வழியாகப் போனான். எனக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அம்மா கடைசி மூச்சுவரை, மகன் பக்கத்தில் என்னைப் போடுங்கள் என்று கேட்டாள். சாகும் நேரத்து எண்ணெய், அவஸ்தைபூசல், முறைப்படி வாங்கிச் செத்தவளை அங்கே போட முடியாது என்று பொதுக்குழியில் போட்டார்கள். அதை முடிவு செய்ததும் கைக்காரன்தான்.

இதையெல்லாம் நான் கோபமாகச் சொல்லவில்லை. கோபம் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது வேறு. அதற்கு அவசரம் இல்லை.

நான்காவது ஆள் டேவிஸ். லோனப்பனின் மகன்.

இனாசு போன மறுவருஷம் பிறந்தவன். நான்கு பெண்களுக்குப் பிறகு வந்த ஒரே ஆண். என் வகுப்பில்தான் அரிச்சுவடி படித்தான். கொஞ்சம் திக்குவாய். திக்கும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன், காத்திருப்பேன். அதனால் என்னிடம் மட்டும் நிறையப் பேசுவான். தவளைக்குப் பயப்படுவான். மீன்கொத்தியைப் படம் வரைந்தால் அது பறந்துவிடும்போல இருக்கும். வளர்ந்த பிறகும் இந்த வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தான். கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுவான். அவனுக்கு என்னைவிட நெருக்கமானவர்கள் இந்த ஊரில் யாரும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். கல்லில் இவற்றை எழுதுங்கள். மீன்கொத்தியை மறக்காதீர்கள்.

கல்லூரி முதல் பரீட்சையில் அவன் தோற்றான். பெருநாள் கூட்டத்தில், வாத்தியக்காரர்களுக்கு நடுவில், லோனப்பன் அவனை அறைந்தார். "பேச்சுதான் வரலன்னா படிப்பும் வரலையாடா உனக்கு?" ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். டேவிஸ் அழவில்லை. நேராக இங்கே வந்தான். நீங்கள் இருக்கிற அதே இடத்தில் உட்கார்ந்து, "செ... செத்துடலாம்போல இருக்கு டீச்சரே" என்றான். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வதுதான். அதை நான் இரண்டு மூன்று பேரிடம் கவலையோடு சொல்லி வைத்தேன். டீச்சருக்குத்தான் பிள்ளைகள்மேல் எவ்வளவு அக்கறை என்று சொன்னார்கள்.

பின்கட்டில் ஒரு கிணறு இருக்கிறதே, இப்போது கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறேன், அப்போது பலகையும் ஓலையும் போட்டு மூடிக் கிடந்தது. தண்ணீருக்கு முன்பக்கத்துக் கிணறுதான். சில நாள் கழித்து ஓலையை விலக்கி விளக்கை இறக்கினேன். பாதி ஆழத்தில் அணைந்தது. சந்தேகத்துக்கு மறுபடி ஏற்றி இறக்கினேன். மறுபடியும் அணைந்தது. பிறகு என் செம்பு வாளியை உள்ளே போட்டேன்.

டேவிஸை நான் இறங்கச் சொல்லவில்லை, அச்சனே. இது முக்கியம். வாளி விழுந்துவிட்டதடா என்று மட்டும் சொன்னேன். அவன் தானாகவே சட்டையைக் கழற்றினான்.

"வி... விளக்கு இறக்கிப் பாத்தீங்களா டீச்சரே?"

"பாத்தேன்டா."

அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் உண்மை. எரிந்ததா என்று அவன் கேட்கவில்லை. ஒரு ஆசிரியையாக நான் அவனிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினான். கப்பை. அதை வைக்காமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பலாமரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் வெட்டிய படிகளில் கால் வைத்து இறங்கினான். பாதியில் நின்று மேலே பார்த்தான்.

"டீச்சரே, தல சுத்துது."

"கண்ண மூடிக்கடா மோனே. சரியாயிடும்."

அப்போது அவன் திக்கவில்லை. அது எனக்கு நினைவிருக்கிறது.

கயிற்றை இழுத்துச் சுருட்டி மாட்டுக்கொட்டிலில் மாட்டினேன். பிறகு தெருவுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். லோனப்பனும் அதே பழைய அச்சனும் ஓடிவந்தபோது, லோனப்பன் முகத்தைப் பார்த்தபடி அச்சனிடம் நான் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம். "குதிச்சான் அச்சோ, என் கண்ணால பாத்தேன்."

எந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று அந்த ஆளுக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்றுதான் நினைத்தேன். தரையில் உட்கார்ந்தார். ஆனால் அவர் புரிந்துகொண்டது வேறு. தெய்வம் தனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று நினைத்தார். என்னைச் சந்தேகப்படவே இல்லை. கடைசிவரை இல்லை.

அடக்கத்தன்று அச்சனின் காலைப் பிடித்தார். ஒரே மகன், குடும்பக் கல்லறையில் போட அனுமதி வேண்டும் என்றார். அச்சன் கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது. அப்போது கூட்டத்துக்குப் பின்னால் இருந்து பொறிஞ்சு கத்தினார். "ஓட்டுக் கம்பெனிக்காரன் செத்தா ஒரு சட்டம், கைக்காரன் மகன் செத்தா வேற சட்டமா அச்சோ?" நான் அவரைக் கத்தச் சொல்லவில்லை. அவர் இனாசுவின் சேக்காளி. ஊர் முழுக்க முணுமுணுத்தது. டேவிஸும் மதில் உடைப்பு வழியாகப் போனான். மணி அடிக்கவில்லை. நான்கு சகோதரிகளில் கடைசி இரண்டு பேருக்கு அதற்குப் பிறகு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அந்த இருவரில் மூத்தவள் மடத்தில் சேர்ந்தாள். மற்றவள் வீட்டோடு இருந்துவிட்டாள். எனக்கு நடந்ததுதான்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. லோனப்பன் முடிக்க விடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் படியேறி வந்தார். சாவிக்கொத்து இல்லை, கைக்காரன் பதவியை விட்டிருந்தார். "டீச்சரே, அவன உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்கு அவனப் பத்தி ஒண்ணுமே தெரியல. ஏதாச்சும் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். மீன்கொத்தி, தவளை, மத்திக் குழம்பு. அழுதுகொண்டே கேட்டார். போகும்போது, "குதிக்கிறதுக்கு முன்னாடி எதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார்.

யோசித்துச் சொன்னேன். "எங்கப்பனுக்கு நான் பேசுறது கேக்காது டீச்சரேன்னு சொன்னான்."

அடுத்த வாரமும் வந்தார். அடுத்த வாரமும். சில நாள் டேவிஸின் வாழ்க்கையில் நடந்த நல்ல விஷயம் ஒன்றைச் சொல்வேன். சில நாள் அவன் கடைசியாகச் சொன்னதில் இன்னொரு வரி எனக்கு நினைவு வரும். கிழவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போவதுபோல் மெதுவாகப் படியிறங்கிப் போவார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலே, அச்சனே. எலிஸ்வா டீச்சர் அந்த மனுஷனின் துக்கத்தைத் தாங்குகிறாள் என்று ஊர் சொன்னது. அதுவும் பொய்யில்லை. நான் இல்லையென்றால் அவருக்குத் துக்கமே இருந்திருக்காது, மறந்திருப்பார்.

அதில் ஒருநாள் மட்டும் வேறு மாதிரி ஆனது. வந்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "இனாசு குதிக்கல டீச்சரே. நான்தான் இறக்கினேன். ஞாயித்துக்கிழம பூசையில எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்லிடறேன். அவனத் தோண்டி எடுத்து உங்க அம்மச்சி பக்கத்துல வைப்போம். எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்."

நான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "வேண்டாம் லோனப்பன் சேட்டா," என்றேன். "இப்ப சொன்னா மகன் போன துக்கத்துல புத்தி கலங்கிடுச்சும்பாங்க. பேசாம இருங்க." அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவ்வப்போது மறுபடி கேட்பார். நானும் அதையே சொல்வேன்.

போன மாதம் அவருக்கு வாதம் வந்து பேச்சு நின்றதும், நீங்கள் போய் அவஸ்தைபூசல் கொடுத்ததும் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதது வியாழக்கிழமை மத்தியானம். வீட்டோடு இருக்கிற மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான்தான் கட்டிலருகில் இருந்தேன். திடீரென்று பேச்சு வந்தது. குழறலாக, ஆனால் புரிகிற மாதிரி.

"அச்சனக் கூப்பிடுங்க டீச்சரே. இனாசு விஷயம் சொல்லிட்டுத்தான் போகணும்."

அச்சன் திருச்சூருக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீங்கள் தேவாலய முற்றத்தில் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தீர்கள். அவருக்குக் கண் அவ்வளவு தூரம் எட்டாது. விளக்கு வைப்பதற்குள் போய்விட்டார். மணி அடித்தது, பிஷப்பு வந்தார், எல்லாம் முறைப்படி நடந்தது.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. அவர் அன்றைக்கு வாய் திறந்திருந்தால் இனாசுவுக்கும் அதே மணி அடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டுமல்ல, இத்தனை வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அடித்திருக்கும். ஆனால் லோனப்பன் மனசில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். என் தம்பிக்காக, அச்சனே, அதை நான் எப்படி விட முடியும்?