நாலு பேருக்கும் ஒரே சுபாவம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் பெரிய பை, இன்னொருவன் கையில் போன்.

"மச்சான், போன்ல ஒரு டெஸ்ட்டு, நம்ம பேண்டோட சுபாவம் இன்னான்னு சொல்லிடுச்சு" என்றான் போன் வைத்திருந்தவன்.

படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். என் சுபாவத்தைச் சொல்ல வீட்டிலேயே ஆள் உண்டு. ஒரு இசைக்குழுவுக்கும் சுபாவம் உண்டு என்பது எனக்குப் புதிது.

"இன்னாவாம்?"

"கனவு காணுற கூட்டமாம். சைகடெலிக் ராக்குன்னு கனவுல மெதக்குற மாதிரி வாசிக்கிறவங்களுக்கு அதான் வருமாம்."

"அவலூர்பேட்டை கல்யாணத்துல நாம வாசிச்ச சத்தத்தக் கேட்டு ஜெனரேட்டர் ரிப்பேருன்னு ஓடியாந்தாங்களே, அது வர்லியா?"

"சிரிக்காதடா. நாலு பேரும் ஒரே மாதிரி பதில் சொல்லியிருக்கோமாம். ரொம்ப அபூர்வமாம்."

"எனக்குக் கேள்வியே வர்லியே."

"குரூப்புல போட்டேன். மூணு வாரமா ஒருத்தனும் பாக்கல. நாலு பேருக்கும் நானே பதில் போட்டுட்டேன்."

பை வைத்திருந்தவன் போனை எட்டிப் பார்த்தான்.

"எனக்கு இன்னா போட்ட?"

"பேண்ட வுட்டுப் போவீங்களான்னு கேட்டுச்சு. போவ மாட்டேன்னு போட்டேன்."

"நைனாவால இனிமே வேலைக்குப் போவ முடியாதுடா. திங்கக்கெழமை ஓசூர் கம்பெனில சேர்றேன். டிரம்ஸ நீயே வெச்சிக்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

கண்டக்டர் வந்தார். "எங்க போவணும், எத்தினி பேரு?"

பை வைத்திருந்தவன் பணம் எடுக்கப் பையைத் துழாவினான்.

"ஓசூர் ஒண்ணுண்ணா" என்று வழியனுப்ப வந்திருந்த மற்றவன் சொல்லிவிட்டு இறங்கினான்.