இராஜகுமாரியின் குளிசைகள்

எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சுவது நான்தான், சேர். கட்டி விழாமல் காய்ச்ச எனக்கு நன்றாக வரும். கண்டி டவுனில் பதினெட்டு வருடம் கிளார்க் வேலை. எதையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம்.

என் மனைவி இராஜகுமாரி நூற்றுப் பதினாறு கிலோ. அந்த எடையோடு பிள்ளை தங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதால், போன தை மாதம் இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். இரைப்பையை முட்டை அளவுக்குச் சிறிதாக்கி, குடலில் கொஞ்சத் தூரம் தள்ளி இணைத்துவிடுவார்களாம். சாப்பாடு கொஞ்சம்தான் போகும், அதிலும் சத்து முழுதாகச் சேராது. விற்றமின் குளிசையை ஆயுள் முழுக்க விடக்கூடாது. விட்டால் நரம்பும் மூளையும் கெடும். பட்டினி கிடக்கவே கூடாது. அவள் தலையாட்டினாள். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் நாற்பது கிலோ குறைந்தாள். கோயிலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாவியைச் சுற்றி நடக்கப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் ஹில்மி என்று ஒருவன் அவளுக்குப் போன் எடுப்பான். ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு ஆலோசகர் என்றாள். ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அக்கா, குளிசைய ஒழுங்கா எடுக்கிறீங்கதானே?" என்றான். அவள் சிரித்தாள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு அக்கறை வருமா? நெருப்பில்லாமல் புகையாது, சேர்.

அன்றிலிருந்து குளிசைகளின் உறையைத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு அரிசிமா நிரப்பி வைத்தேன். கொஞ்சம் சோர்ந்து வீட்டோடு இருக்கட்டும் என்றுதான். கால் விறைக்கிறது என்றாள். எண்ணெய் தடவிவிட்டேன்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. பிள்ளை வரம் கேட்டு விரதம் இருக்க அவளுக்கு ஆசை.

"டாக்டர் பட்டினி கெடக்கக் கூடாதுன்னாரேங்க. ஹில்மி தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கவா?"

"சாமி காரியத்துக்கு அவன்கிட்ட என்ன உத்தரவு? முருகன் பாத்துக்குவாரு."

மிளகு விரதம்தான் விசேஷம் என்று நானே சொன்னேன். முதல் நாள் முழுக்க ஒரு மிளகு மட்டும், இரண்டாம் நாள் இரண்டு. நானே எண்ணிக் கொடுத்தேன், தண்ணீரும் கொடுத்தேன்.

நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சுவரைப் பிடித்து நடந்தாள். "போனைக் குடுங்க, தம்பிக்குச் சொல்லணும்" என்று கெஞ்சினாள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆறாம் நாள், சூரன்போர் அன்று, நான் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மிளகையும் வாயில் வைத்தேன், மெல்லவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிந்திவிட்டது என்றார்கள்.

ஆமாம், கொன்றது நான்தான். ஆனால் வாக்குமூலத்தில் சந்தேகப் புத்தி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சேர். செத்தவீட்டுக்கு ஹில்மி தன் மனைவியோடு வந்திருந்தான். இராஜகுமாரியின் காலடியில் உட்கார்ந்து அந்தப் பெண்தான் அதிகம் அழுதாள். பாவம், தன் புருஷனைப் பற்றி அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.