வில்லாபுரம் கண்மாயில் மிதக்கும் தீவு

மிஷன் உயர்நிலைப் பள்ளியின் பௌதிக ஆசிரியர் திருவாளர் சூ. லூர்துராஜ் அவர்களின் ஓய்வு நாளில் வாசித்தளித்த மடல்
மதுரை, மார்கழி, 1938

கடலில்லா ஊரில் பிறந்தும் கடலையே கருதிய கண்ணியரே! காரணம் கேட்காமல் காப்பியும் குடியாத கலைச்செல்வரே! முப்பதாண்டுகள் எங்களோடு முகம் சுளிக்காது உழைத்த லூர்துராஜ் ஐயா அவர்களே! வணக்கம்.

சமுத்திரத்தைத் தாண்டும் ஆகாய விமானங்கள் நடுவழியில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ள மிதக்கும் தீவுகள் அமைக்கலாமென்று மேல்நாட்டார் யோசிப்பதைத் தாங்கள் பத்திரிகையில் படித்தீர்கள். அன்று தொட்டுத் தங்களுக்குத் தூக்கமில்லை, எங்களுக்கு நிம்மதியில்லை. மலைபோல் அலை வந்தால் தீவு ஆடாதா? ஆடினால் விமானம் எப்படி இறங்கும்? தாங்கள் கேட்ட கேள்விகளில் தமிழ்ப் பண்டிதரும் அலையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்.

விடையையும் தாங்களே கண்டு விளக்கினீர்கள். அலையின் ஆட்டமெல்லாம் மேல்நீரில்தான், ஆழத்தில் அமைதி. ஆகவே மிதவைகளை ஆழத்தில் அமிழ்த்தி, அவற்றின்மேல் மெல்லிய கால்களை நட்டு, தளத்தை அலைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால், அலை கால்களுக்கிடையே புகுந்து போய்விடும். அடியில் பாரம் கட்டினால் கவிழாது. மூங்கிலாலும் மண்ணெண்ணெய் டின்களாலும் அதற்கொரு மாதிரி கட்டினீர்கள். நம் பள்ளிக்கு விஞ்ஞானக் கூடம் தரலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தபோது, சென்ற பங்குனியில், அதை வில்லாபுரம் கண்மாயில் இறக்கினோம்.

தேகப்பயிற்சி ஆசிரியர் யூனுஸ் பலகையால் நீரை அடித்து அலை எழுப்பினார். தீவு அசையவில்லை. இன்ஸ்பெக்டரே கைதட்டினார். தாங்கள் மட்டும் தட்டவில்லை. "இம்புட்டு அடிச்சும் கொஞ்சங்கூட ஆடலையே" என்று முணுமுணுத்தபடி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, அடியில் கைவிட்டுத் துழாவி, கரையைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஐயா, இது மிதக்கலை. சேத்துல நிக்குது."

மார்கழியில் ஆழம் பார்த்துவிட்டுப் பங்குனியில் இறக்கியிருந்தோம். இடையில் வயல்கள் குடித்த தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே போனார். விஞ்ஞானக் கூடம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று யூனுஸ் ஒரு வாரம் தங்களோடு பேசவில்லை. அந்தக் கோபம் ஆறி, இன்று தங்களை நினைத்தால் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. தங்களுக்கோ ஒரே குறைதான்: அது உண்மையில் மிதக்குமா என்று தெரியாமலே ஓய்வு பெறுகிறோமே என்பது.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் தங்களைச் சேர்க! கேள்விகள் மட்டும் தீராதிருக்க!

மாலையைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள், ஐயா. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது. வாசலில் நிற்கும் வண்டியில் தங்கள் தீவு இருக்கிறது. யூனுஸ் பலகையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். இம்முறை நாங்கள் அவசரப்பட்டுக் கைதட்ட மாட்டோம். தாங்கள் அடியில் கைவிட்டுப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்போம்.

கரையில் தங்களோடு நிற்கும்
சக ஆசிரியர்கள்